லோட் டெஸ்ட் ஓட்டும்போது என் லேப்டாப்பின் சிபியு 100 சதவீதத்தைத் தொடுகிறது. முடிவை நம்பலாமா?

நம்ப வேண்டாம். 8 ஜிபி லேப்டாப், ஜேமீட்டர் (பலர் ஒரே நேரத்தில் தளத்துக்கு வருவது போல கோரிக்கைகளை அனுப்பி லோட் டெஸ்ட் செய்யும் கருவி), 2,000 பயனர்கள், பதில் நேரம் 9 நொடி என்று கேள்வியில் விவரம் தந்திருக்கிறீர்கள். கடைசியில் "சர்வர் குழுவிடம் சொன்னேன், ஒப்புக்கொள்ள மறுக்கிறார்கள்" என்றும் சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்த பிறகு பேசாமல் கடந்து போக முடியவில்லை. ஏனென்றால் அதே வரியை நானும் ஒருமுறை எழுதினேன், 14 பேருக்கு மின்னஞ்சலில்.

2016 சித்திரை மாதம். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் எனக்கு மூன்றாவது ஆண்டு. காப்பீட்டுத் தவணை கட்டும் இணையதளம் ஒன்று, ஒரே நேரத்தில் 1,200 பேர் வந்தால் தாங்குமா என்று பார்ப்பது என் வேலை. முதலில் ஒரு வாரம் ஒதுக்கியிருந்தார்கள். நிரல் எழுதும் வேலை இழுத்துக்கொண்டே போனதில் எனக்குக் கிடைத்தது இரண்டு நாள். சோதனைக்கென்று தனி இயந்திரம் கேட்டேன். "உன்னிடம்தான் லேப்டாப் இருக்கிறதே" என்றார் மேலாளர். இருந்தது, வேறு ஒருவர் மூன்று ஆண்டுகள் பயன்படுத்திவிட்டு விட்டுச்சென்றது.

300 பயனர்கள் வரை எல்லாம் ஒரு நொடிக்குள் முடிந்தது. 800ஐத் தாண்டியதும் 4 நொடி. 1,200இல் 11 நொடி. வரைபடத்தில் கோடு பனைமரம் போல நிமிர்ந்து நின்றது. சர்வரின் சிபியுவைப் பார்த்தேன், 22 சதவீதம். சர்வர் சும்மா இருக்கிறது, பதில் மட்டும் தாமதமாகிறது, அப்படியானால் டேட்டாபேஸ்தான் என்று முடிவுகட்டி, அந்த 14 பேருக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன். இதை முழு முட்டாள்தனம் என்று சொல்லிவிடாதீர்கள். பல இடங்களில் அது உண்மையாகவே இருக்கும். ஆனால் டேட்டாபேஸ் இயந்திரமும் சும்மாதான் இருந்தது. நான் அதைத் திறந்தே பார்க்கவில்லை.

எங்கள் டேட்டாபேஸைக் கவனித்தவர் திருநெல்வேலிக்காரர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. என் மின்னஞ்சல் போன மறுநாளிலிருந்து அவர் வீட்டுக்குப் போனதே அரிது. டேட்டாபேஸுக்குப் போகும் வினவல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார், தேடலை வேகமாக்க இண்டெக்ஸ் சேர்த்தார், மறுபடி ஓட்டச் சொன்னார். நான் மறுபடி ஓட்டினேன், மறுபடி 11 நொடி. ஊரில் குலதெய்வக் கோவில் கொடை. நெல்லை எக்ஸ்பிரஸில் எடுத்து வைத்திருந்த டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமையும் அலுவலகம் வந்தார். நான் பெருமையாக ஐந்தாவது வரைபடத்தை அனுப்பினேன்.

அன்று மதியம் அவரே என் இடத்துக்கு வந்தார். அலுவலகத்தில் ஏசி சத்தம்கூட இல்லை. என் லேப்டாப்பின் விசிறி மட்டும் மாவரைக்கும் இயந்திரம் போல இரைந்துகொண்டிருந்தது. "தம்பி, இது ஏன் இப்படிக் கத்துகிறது?" என்று கேட்டார். டாஸ்க் மேனேஜரைத் திறந்தோம். சிபியு 100. நினைவகத்தில் இடமே இல்லை, டிஸ்க் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் பக்கத்து மேசைக் கணினியில் உட்கார்ந்து, என் டெஸ்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதே இணையதளத்தைத் திறந்தார். கண் சிமிட்டும் நேரத்தில் பக்கம் வந்தது. மூன்று முறை திறந்து காட்டினார். நான்காவது முறை நான் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மளிகைக் கடைத் தராசுத் தட்டின் அடியில் புளியை ஒட்டி எடையைக் கூட்டுவார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் ஒட்டிய புளி இதுதான். ஜேமீட்டர் ஒவ்வொரு பயனருக்கும் ஒரு த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை இழை) வைத்துக்கொள்ளும். கோரிக்கையை அனுப்பும் முன் மணி பார்க்கும், பதில் முழுதும் வந்ததும் மறுபடி பார்க்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே பதில் நேரம். பதில் வாசலில் வந்து நின்றாலும், அதை எடுக்க வேண்டிய த்ரெட்டுக்குச் சிபியுவில் முறை வராவிட்டால் கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அந்தக் காத்திருப்பு முழுவதும் சர்வரின் பெயரில் எழுதப்படும். போதாதற்கு நான் ஜேமீட்டரைத் திரையோடு திறந்து, ஒவ்வொரு பதிலையும் சேமித்துக் காட்டும் 'வியூ ரிசல்ட்ஸ் ட்ரீ'யையும் ஓடவிட்டிருந்தேன். பச்சை அடையாளங்கள் வரிசையாக ஓடுவதைப் பார்க்க நன்றாக இருக்கும். ஜேமீட்டர் ஜாவாவில் ஓடுவது. அன்றைய பதிப்பில் ஜாவா ஹீப், அதாவது அதற்கு ஒதுக்கிய நினைவகம், இயல்பாக 512 எம்பிதான். அது நிரம்பும்போதெல்லாம் ஜாவா எல்லா த்ரெட்டையும் நிறுத்திவைத்து, இனி தேவைப்படாத தரவு என்ற குப்பையை அள்ளும். 3 நொடி அள்ளினால், பதிலுக்குக் காத்திருந்த கோரிக்கைகள் பலவற்றின் கணக்கில் அந்த 3 நொடியும் ஏறிவிடும். திரையோடு திறக்கும்போதே, லோட் டெஸ்ட்டை இப்படி ஓட்டாதே, கட்டளை வரியில் (திரை இல்லாமல், எழுத்துக் கட்டளை மூலம்) ஓட்டு என்று இன்றைய ஜேமீட்டர் தானே எச்சரிக்கிறது. அதையும் படிக்காதவர்கள் இருக்கிறார்கள்.

"100 ஆனால்தானே தப்பு, 90இல் ஓட்டினால் சரிதானே" என்று ஒருவர் கேட்பார். மின்வாரிய அலுவலகத்தில் ஒரே ஒரு கவுண்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குச் சராசரியாக 1 நிமிடம் ஆகிறது, மக்கள் நேரம் காலம் பார்க்காமல் வருகிறார்கள். கவுண்டர் பாதி நேரம் வேலையாக இருந்தால், வரிசையில் நிற்பதும் சேர்த்து ஒருவருக்குச் சராசரியாக 2 நிமிடம். 90 சதவீத நேரம் வேலை என்றால் 10 நிமிடம். 95 என்றால் 20. பல கோர், அதாவது பல கவுண்டர், உள்ள சிபியுவில் இது இவ்வளவு மோசமாகாது என்பது எனக்கும் தெரியும், பின்னூட்டத்தில் வகுப்பு எடுக்க வேண்டாம். நான் என் சோதனை இயந்திரத்தை 70ஐத் தாண்ட விடுவதில்லை. இது என் பழக்கம், விதி அல்ல.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு, எனக்கு அதுதான் அதிகப் பயம். உங்கள் லேப்டாப் திணறும்போது கோரிக்கைகளை அனுப்புவதும் குறைந்துபோகும். 2,000 பேர் என்று திரையில் இருக்கும், சர்வருக்குப் போய்ச் சேர்வதோ 600 பேரின் வேலைதான். சர்வர் அதை அலட்டிக்கொள்ளாமல் முடித்துவிடும், நீங்களும் தாங்கும் என்று எழுதிக்கொடுத்துவிடுவீர்கள். நெருக்கடியான நேரத்தில் போக வேண்டிய கோரிக்கைகள் போகாமலே விடுபடுவதும் இந்தக் குடும்பத்துப் பிழைதான். கில் டெனே என்பவர் இதற்குக் 'கோஆர்டினேட்டட் ஒமிஷன்' என்று பெயரே வைத்திருக்கிறார்.

சிபியு மட்டுமில்லை. லினக்ஸில் வெளியே போகும் கனெக்ஷன்களுக்கு இயல்பாக 32768 முதல் 60999 வரையிலான போர்ட்டுகள் (ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் தேவைப்படும் வாசல் எண்கள்), மொத்தம் 28,232. மூடிய போர்ட் ஒரு நிமிடம் டைம் வெயிட்டில், அதாவது மறுபடி பயன்படாத காத்திருப்பில், கிடக்கும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதுக் கனெக்ஷன் திறந்தால், ஒரே சர்வரை நோக்கி நொடிக்கு 470 அளவில் முட்டிக்கொள்ளும். அப்போது வரும் பிழைகளைச் சர்வரின் தலையில் கட்டுவது சுலபம். கிளவுடில் ஓட்டுகிறவர்கள் சிறிய இயந்திரங்களிடம் கவனமாக இருங்கள்: அமேசான் வாடகைக்குத் தரும் டி2 மைக்ரோ, கிரெடிட் (முழு வேகத்தில் ஓடுவதற்கான இருப்பு) தீர்ந்ததும் 10 சதவீத சிபியுவுக்கு இறங்கிவிடும். முதல் அரைமணி நேரம் அருமையாக ஓடும், அதன் பிறகு உங்கள் மென்பொருளில் மெமரி லீக் (நினைவகம் விடுபடாமல் நிரம்பிக்கொண்டே போவது) என்று யாராவது அறிக்கை எழுதுவார்கள்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன், கேள்விக்குத் தொடர்பில்லைதான். எனக்குப் பெண் பார்த்தபோது ஒரு வீட்டில் "டெஸ்டிங்கா? கோடிங் இல்லையா?" என்று கேட்டார்கள். வரிசைக் கோட்பாடும் ஜாவாவின் குப்பைக் கணக்கும் படித்தவன், அங்கே பொத்தானை அழுத்திப் பார்க்கிறவன் ஆகிவிட்டேன். அலுவலகத்திலும் அதே எண்ணம்தான். இல்லாவிட்டால் பழைய லேப்டாப்பை ஏன் எங்களுக்குத் தள்ளுகிறார்கள்? சரி, விடுங்கள்.

அண்ணாச்சி கதையின் மீதி இது. மூன்று கணினிகளை இரவல் வாங்கி, கட்டளை வரியில், எந்தத் திரையும் இல்லாமல் 1,200 பயனர்களைப் பிரித்து ஓட்டினோம். சராசரி 0.8 நொடி. 2,600 வரை ஏற்றியபோதுதான் உண்மையான தடை வந்தது. அதுவும் டேட்டாபேஸில் இல்லை, அப்ளிகேஷனின் கனெக்ஷன் பூலை, அதாவது டேட்டாபேஸோடு ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளும் இணைப்புகளின் எண்ணிக்கையை, யாரோ 20 என்று வைத்திருந்தார்கள். திருத்தம் சொல்லி நான் எழுதிய மின்னஞ்சலை மேலாளர் மூன்று பேருக்கு மட்டும் அனுப்பச் சொன்னார். மற்ற 11 பேருக்கு இன்றுவரை குற்றவாளி டேட்டாபேஸ்தான். அண்ணாச்சி அந்த வாரம் சேர்த்த இண்டெக்ஸ்களில் பாதியை உட்கார்ந்து நீக்கினார். கொடை முடிந்துவிட்டிருந்தது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சர்வரின் அணுகல் பதிவில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் எவ்வளவு நேரம் என்று பார்த்து, ஜேமீட்டர் சொல்லும் நேரத்தோடு ஒப்பிடுங்கள். சர்வருக்கு முன்னால் வரிசையில் நின்ற நேரம் அந்தப் பதிவில் வராது என்று சர்வர் தெரிந்தவர்கள் சொல்வார்கள், சரிதான். அதனால் அதோடு நிற்காதீர்கள். டெஸ்ட் ஓடும்போதே வேறு கணினியிலிருந்து ஒரே ஒரு பயனராக நுழைந்து பாருங்கள். பிறகு அதே 2,000 பயனர்களை இரண்டு லேப்டாப்பில் ஆயிரம் ஆயிரமாகப் பிரித்து ஓட்டுங்கள். 9 நொடி சட்டென்று இறங்கினால் சர்வர் குழுவிடம் போய் ஒரு காபி வாங்கிக் கொடுங்கள். இறங்காமல், இரண்டு லேப்டாப்பின் சிபியுவும் பாதிக்குக் கீழே இருந்தால், அப்போது மின்னஞ்சல் எழுதுங்கள். முதலில் ஒருவருக்கு மட்டும்.