அமெரிக்காவின் தாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பைத் தன் மண்ணில் அனுமதித்ததற்காகத் தென் கொரியாவுக்குச் சீனா கொடுத்த நெருக்கடி நியாயம்தானே? ஒரு நாடு தன் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ளக் கூடாதா?

தாராளமாகப் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் அடி யார்மேல் விழுந்தது என்பதையும் பாருங்கள். நீங்கள் செய்திகளை வைத்துக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் அப்போது சியோலில் படித்துக்கொண்டே மியோங்டோங் கடைவீதியில் ஓர் அழகுசாதனக் கடையில் பகுதிநேர வேலை பார்த்தேன்.

2016 ஜனவரியில் வட கொரியா நான்காவது அணுகுண்டுச் சோதனை நடத்தியது. ஜூலையில் அமெரிக்காவின் தாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பை நிறுவத் தென் கொரியா சம்மதித்தது. அதன் ராடார் தன் நிலப்பரப்பையும் வேவு பார்க்கும் என்று சீனா சொன்னது. அந்தக் கவலையில் அர்த்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை. இதைப் படித்துவிட்டு என்னை அமெரிக்க ஆதரவாளன் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

சோங்ஜூவில் இருந்த தன் கோல்ஃப் மைதானத்தைத் தென் கொரிய நிறுவனமான லோட்டே, தாட் அமைப்பை நிறுவுவதற்காக அரசுக்கு மாற்றிக் கொடுத்ததும், சீனாவில் இருந்த லோட்டே மார்ட் கடைகள் தீயணைப்பு விதிமீறல் என்று வரிசையாக மூடப்பட்டன. 2017 மார்ச் நடுவில் சீனாவில் இருந்து கொரியாவுக்கு வரும் குழுச் சுற்றுலாவும் நின்றது. எங்கள் தெருவில் சீனப் பயணிகளை நம்பாத கடையே கிடையாது. 2016-இல் சுமார் 80 லட்சம் சீனர்கள் கொரியாவுக்கு வந்தார்கள்; அடுத்த ஆண்டு ஏறக்குறைய பாதிதான்.

எங்கள் கடையில் முதலில் வேலை இழந்தவர் சீனாவின் யான்பியனில் இருந்து வந்த ஓர் அக்கா. கொரிய வம்சாவளி, சீனக் குடியுரிமை. சீன வாடிக்கையாளர்களிடம் பேசத்தான் அவரை வைத்திருந்தார்கள். தென்கிழக்கு ஆசியப் பயணிகளைப் பிடிக்க ஆங்கிலம் தேவைப்பட்டதால் என்னை வைத்துக்கொண்டார்கள். எனக்கு வேலை சொல்லிக் கொடுத்ததே அந்த அக்காதான். சீனா போட்ட தண்டனை ஒரு சீனக் குடிமகளின் சம்பளத்தைப் பறித்தது. இதை எப்படி நியாயம் என்று சொல்வேன்?

"தடை என்று சீன அரசு அறிவிக்கவே இல்லையே" என்று சிலர் வாதாடுவார்கள். அறிவிக்கவில்லைதான். அதனால்தான் எங்கே போய் முறையிடுவது என்று யாருக்கும் தெரியவில்லை.

அப்புறம் ஒன்று. அந்த நாட்களில் நம்மூர் யூடியூப் சேனல்கள் சில "இன்னும் சில மணி நேரத்தில் போர்" என்று தலைப்பு வைத்தன. அம்மா இரவெல்லாம் தூங்காமல் எனக்கு போன் செய்வார். வெளிநாட்டில் பிள்ளைகளை விட்டிருப்பவர்களின் பயத்தில் காசு பார்ப்பவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

சரி, நெருக்கடியால் சீனாவுக்கு என்ன கிடைத்தது? 2017 அக்டோபரில் இரு நாடுகளும் உறவைச் சீர்செய்ய ஒப்புக்கொண்டன. ஆனாலும் குழுச் சுற்றுலாவுக்கான கட்டுப்பாடு முழுமையாக விலக 2023 ஆகஸ்ட் ஆனது. லோட்டே மார்ட் சீனாவை விட்டே வெளியேறியது. ராடாரை வைத்த அமெரிக்காவிடம் சீனா இப்படி ஒரு விலையை வசூலிக்கவில்லை. அந்த ராடார் இன்னும் சோங்ஜூவில்தான் இருக்கிறது.