செல்லோவும் மாதச் சம்பளமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஜாஸ் செல்லோ கலைஞர் டொமீகா ரீட் பற்றி நீங்கள் எழுதிய சிறுகுறிப்பைப் படித்துவிட்டு அவருடைய இசைத்தட்டுகளைத் தேடிக் கேட்டேன். நானும் செல்லோ வாசிப்பவள். சிறுவயதில் மாட்டுங்காவில் ஒரு மாமியிடம் கர்நாடக வயலின் கற்றேன். கல்லூரி நாட்களில், வயலினைவிடப் பெரிதாய்த் தடித்த குரலில் ஒலிக்கும் செல்லோவின் பக்கம் திரும்பிவிட்டேன். இப்போது தென்மும்பையில் ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்கு வயலினும் செல்லோவும் சொல்லிக்கொடுக்கிறேன். ஞாயிறுதோறும் சயானில் நண்பர் வீட்டில் மூன்று பேர் கூடி வாசிக்கிறோம். ஒருவர் மிருதங்கம், ஒருவர் கிதார். எழுதிவைத்தது பாதி, அந்த நேரத்தில் தோன்றுவது பாதி.

சமீபத்தில் ஒரு சிறிய அரங்கில் வாசித்தோம். வந்திருந்தவர்களே சிலர்தான், அவர்களிலும் பாதிப் பேர் நடுவிலேயே எழுந்து போய்விட்டார்கள். "வயலினிலேயே இருந்திருந்தால் இந்நேரம் ஷண்முகானந்தா அரங்கில் பக்கவாத்தியம் வாசித்துக்கொண்டிருப்பாய். இந்தப் பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு லோக்கல் ரயிலில் ஏன் அலைகிறாய்?" என்று அப்பா கேட்கிறார்.

ஜூனில் பள்ளி திறப்பதற்குள் வேலையை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். பகலில் ஆசிரியை, ஞாயிற்றுக்கிழமை கலைஞர் என்று அரைகுறையாக வாழ்வது உறுத்துகிறது. ரீட் போன்றவர்கள் எப்படிக் காலம் தள்ளினார்கள்? இன்னொரு கேள்வியும் உண்டு. அவருடைய வாசிப்பில் சில இடங்கள் எனக்கே வெறும் இரைச்சலாகக் கேட்கின்றன. செல்லோவில் அப்படி வாசிக்க வேண்டிய அவசியம் என்ன?

வி., செம்பூர், மும்பை

அன்புள்ள வி.,

ரீட் பள்ளியில் பாடம் நடத்தித்தான் காலம் தள்ளினார். நீங்கள் செய்யும் அதே வேலை.

1977இல் பிறந்தவர் அவர். வாஷிங்டனுக்கு அருகே வளர்ந்து, மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் மேற்கத்திய சாஸ்திரிய முறையில் செல்லோ படித்துவிட்டு, 2000இல் சிகாகோவுக்கு வந்தார். அங்கே டிபால் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு. பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தோடு இணைந்த லேபரட்டரி பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளின் தந்திவாத்தியப் பயிற்சியை இன்னொருவரோடு சேர்ந்து ஏழு ஆண்டுகள் நடத்தினார். தன் பெயரில் அமைத்த நால்வர் குழுவின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது 2015இல். முனைவர் பட்டம் 2017இல். ஐந்தாண்டுகளில் எட்டு லட்சம் டாலர் தரும் மெக்கார்தர் நல்கை 2022இல்.

2000க்கும் 2015க்கும் நடுவில் உள்ள அந்தக் காலத்தைக் காத்திருப்பு என்று யாராவது எழுதினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். புல்லாங்குழல் கலைஞர் நிக்கோல் மிட்செலின் பிளாக் எர்த் குழுவில் அவர் வாசித்தார். பாடகி டீ அலெக்சாண்டர், டிரம்ஸ் கலைஞர் மைக் ரீட் ஆகியோரின் குழுக்களிலும் வாசித்தார். பிறருடைய இசைக்குள் செல்லோவுக்கு என்ன இடம் என்று ஒவ்வொரு மேடையிலும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்திருக்கும். சாக்சஃபோனுக்கோ பியானோவுக்கோ ஜாஸில் நாற்காலி போட்டுவைத்திருக்கிறார்கள். செல்லோவுக்கு அப்படி எதுவும் கிடையாது. 2013இல் தந்திவாத்தியக்காரர்களுக்காகவே சிகாகோ ஜாஸ் ஸ்ட்ரிங் சம்மிட் என்ற விழாவைத் தொடங்கினார். கவனியுங்கள், தன் குழுவின் முதல் தட்டு வருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே பிறருக்கு மேடை போட்டுவிட்டார்.

இந்தக் குணம் அவருக்குச் சிகாகோவில் கிடைத்தது என்று நினைக்கிறேன். முஹால் ரிச்சர்ட் ஏப்ரம்ஸ் முதலான கறுப்பினக் கலைஞர்கள் 1965இல் அங்கே ஏ.ஏ.சி.எம். என்ற கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். அதன் அடிப்படை ஒன்றுதான்: ஊரறிந்த பாட்டுகளை வாசித்துக் கைதட்டல் வாங்குவதை விட்டுவிட்டு, உறுப்பினர்கள் அவரவர் சொந்தப் படைப்பை மேடையேற்ற வேண்டும். இடம் தர ஆளில்லாதபோது தாங்களே கச்சேரிகளை நடத்தினார்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாக இசைப்பள்ளியும் நடத்தினார்கள். ராஸ்கோ மிட்செல், ஆன்டனி பிராக்ஸ்டன் போன்றவர்கள் அந்த மண்ணில் விளைந்தவர்கள். ரீட் இருவரோடும் வாசித்திருக்கிறார். குழந்தைக்கு வில் பிடிக்கச் சொல்லித்தருவதும் மேடையில் யாரும் கேட்டிராத ஒன்றை வாசிப்பதும் அங்கே ஒரே வேலையின் இரண்டு பகுதிகள். நீங்கள் அரைகுறை என்று சொல்வதை அவர்கள் அப்படிப் பார்க்கவே இல்லை.

இரைச்சலைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். அதற்கு ரீடுக்கு முன்னால் போக வேண்டும்.

ஜாஸில் முதலில் செல்லோவை எடுத்தவர்கள் பெரும்பாலும் செல்லோவைவிடப் பெரிய, கீழ்ஸ்தாயியில் ஒலிக்கும் டபிள் பாஸ் வாசித்தவர்கள். 1949இல் ஆஸ்கர் பெட்டிஃபர்ட் பேஸ்பால் ஆடிக் கையை உடைத்துக்கொண்டார். பாஸை அணைத்துப் பிடிக்க முடியாத நிலையில் செல்லோவை எடுத்து, பாஸைப் போலவே சுருதி கூட்டி, ஒரு ஸ்தாயி மேலே, விரலால் மீட்டி வாசித்தார். அழகான வாசிப்பு. ஆனாலும் அது சிறிய பாஸாகத்தான் ஒலித்தது. 1960இல் எரிக் டால்ஃபியின் தட்டு ஒன்றில் ரான் கார்ட்டர் வில்லைப் போட்டு செல்லோ வாசித்தபோது வேறு வாசல் திறந்தது. அந்தத் தட்டில் உள்ள '17 வெஸ்ட்' என்ற உருப்படியைத்தான் ரீட் தன் 2015 தட்டின் தொடக்கமாக வைத்திருக்கிறார். யாருடைய தோளில் நிற்கிறேன் என்பதை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுகிறார்.

ஆனால் நீங்கள் அவசியம் கேட்க வேண்டியவர் செல்லோ கலைஞர் அப்துல் வதூத். 1972இல் சாக்சஃபோன் கலைஞர் ஜூலியஸ் ஹெம்ஃபில் பதிவுசெய்த 'டோகன் ஏ.டி.'யை எடுத்துக்கொள்ளுங்கள். சாக்சஃபோன், டிரம்பெட், செல்லோ, டிரம்ஸ் உண்டு; பாஸ் கிடையாது. பதினொரு எண்ணிக்கைச் சுழற்சி. வதூத் வில்லைத் தந்தியில் அழுத்தி ஒரு சிறு சொற்கட்டைத் திரும்பத் திரும்ப அறுக்கிறார். உங்கள் மிருதங்க நண்பரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். தாளம் போட்டுப் பார்த்தால் இரண்டாவது ஆவர்த்தனத்திலேயே கை தடுமாறும், பிறகு உடம்பு பிடித்துக்கொள்ளும். அந்த வில்லில் பிசிறு இருக்கிறது, தந்தி கரகரக்கிறது. கரகரப்பை எடுத்துவிட்டால் அந்த இசையே விழுந்துவிடும், ஏனென்றால் அங்கே சுரத்தோடு தாளத்தின் உரசலையும் செல்லோதான் தர வேண்டியிருக்கிறது. மேற்கத்திய வாத்தியக்குழுவில் குற்றமாக எண்ணப்படும் ஒலி அங்கே தூணாக நிற்கிறது.

இதே வதூத் நியூ ஜெர்சி சிம்ஃபனி வாத்தியக்குழுவில் செல்லோ வாசித்துச் சம்பாதித்தவர். அங்கே சுத்தமான நாதம், இங்கே கரகரப்பு. இரண்டும் ஒரே கை. 1977இல் தனியாளாக வாசித்த 'பை மைசெல்ஃப்' தட்டைத் தானே வெளியிட்டார். பின்னாளில் மேடையை விட்டு விலகிவிட்டார், தட்டும் நெடுங்காலம் கடைகளில் கிடைக்கவில்லை. ரீட் அவரைத் தேடிப் போய்ப் பேட்டி கண்டார். 2022 ஆகஸ்டில் வதூத் இறந்தார். அடுத்த ஆண்டு அந்தத் தட்டு மறுபதிப்பாக வந்தது. இளைய கலைஞர் ஒருவர் மூத்தவரின் வாசலில் போய் நிற்பதை நான் இசைப் பணியின் பகுதியாகவே கருதுகிறேன்.

இப்போது ரீடின் நால்வர் குழுவைக் கேளுங்கள். மேரி ஹால்வர்சன் கிதார், ஜேசன் ரோப்கி பாஸ், டோமாஸ் ஃபுஜிவாரா டிரம்ஸ். செல்லோவும் கிதாரும் ஏறத்தாழ ஒரே ஸ்தாயியில் புழங்குபவை. இரண்டும் தெளிவான நாதத்தில் ஒரே நேரத்தில் வாசித்தால் ஒன்றை ஒன்று விழுங்கும். உங்கள் மூவர் குழுவில் இந்தச் சிக்கலை நீங்களே அனுபவித்திருப்பீர்கள். ஹால்வர்சன் சுருதியை நழுவவிட்டு வளைக்கும்போது ரீட் விரலால் மீட்டுவார். இல்லையென்றால் வில்லை, தந்திகளைத் தாங்கும் குதிரை என்ற மரத்துண்டின் அருகே கொண்டுபோவார். அங்கே அடிநாதம் மெலிந்து மேற்சுரங்கள் கீச்சிடும். காதுக்கு இரைச்சல், ஆனால் அதனால் கிதாருக்கு வழி கிடைக்கிறது. இரைச்சலாகப் படும் இடம் வரும்போது செல்லோவை விட்டுவிட்டு டிரம்ஸைக் கேட்டுப் பாருங்கள். ஃபுஜிவாரா அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் அது இசை. குழுவில் ஒருவரும் கேட்காத இரைச்சல் என்றால் நீங்களும் கேட்க வேண்டியதில்லை. பரிசோதனை இசை என்ற பெயரில் அப்படியும் நிறைய வருகிறது. உங்கள் ஞாயிற்றுக்கிழமை ஒலிப்பதிவுகளுக்கும் இதே அளவுகோலை வையுங்கள்.

நம் ஊருக்கும் இது புதிதில்லை. 1930களில் தாஜ் ஹோட்டலில் லியான் ஆபி, டெடி வெதர்ஃபோர்ட் என்ற அமெரிக்கக் கலைஞர்களின் குழுக்கள் வாசித்த காலத்திலிருந்து, மும்பையின் ஜாஸைத் தாங்கியவர்களில் பெரும்பாலோர் கோவாக்காரர்கள். பகலில் சினிமா ஒலிப்பதிவு, இரவில் ஜாஸ். வயலின் கலைஞர் ஆன்டனி கோன்சால்வஸ் அந்த ஸ்டூடியோக்களில் உழைத்தவர்தான். ராகங்களை வைத்துச் சிம்ஃபனி வடிவில் எழுதிய தன் படைப்புகளை 1958இல் செயின்ட் சேவியர் கல்லூரி வளாகத்தில் பெரிய வாத்தியக்குழுவோடு அரங்கேற்றினார். சினிமாக் கூலிதான் அவர்களுடைய அடுப்பை எரித்தது. அதற்காக அவர்களை அரைக் கலைஞர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

அப்பா சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. பக்கவாத்தியம் வாசிப்பவருக்கு சபா உண்டு, ரசிகர் உண்டு, குருபரம்பரை உண்டு. உங்களுக்கு இவை எதுவும் இப்போதைக்கு இல்லை. அந்தக் கவலையை மதியுங்கள். கூடவே ஒன்றை நினைவூட்டுங்கள். அவர் பெருமையோடு சொல்லும் வயலினே பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாத்தியத்திலிருந்து வந்ததுதான். பிடிக்கும் முறையை மாற்றி, தரையில் உட்கார்ந்து, கமகத்துக்கு விரல்களைப் பழக்கி, பல தலைமுறைகள் சேர்ந்து அதை நம்முடையதாக்கின. டெல்லியில் சாஸ்கியா ராவ் டி ஹாஸ் செல்லோவின் அளவைக் குறைத்து, அனுநாதத் தந்திகள் சேர்த்து, ஹிந்துஸ்தானி வாசிக்கிறார். உங்கள் வழி அவருடைய வழியாக இருக்க வேண்டியதில்லை.

வேலையை விடுவது பற்றி என் கருத்து: ஜூனில் விடாதீர்கள். பயிற்சிக்கு நேரம் போதவில்லை என்று நாட்குறிப்பு காட்டினால் விடலாம். வெட்கத்துக்காக விடக் கூடாது. வாடகையை மேடை தர வேண்டும் என்ற நிலை வந்தவுடன், எழுந்து போன அந்தப் பாதிப் பேருக்காக வாசிக்க ஆரம்பித்துவிடுவீர்கள். பள்ளியில் வாரநாள் ஒன்றைக் குறைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அதைவிட முக்கியம், அந்த மூவர் குழுவைக் கலைக்காதீர்கள். ரீடின் குழு 2015, 2019, 2024 என்று மூன்று தட்டுகளிலும் அதே நால்வர்தான். 2024இல் வந்த '3+3'இல் நீண்ட உருப்படிகள் மூன்றே மூன்று. ஒருவர் எங்கே மூச்சு விடுவார் என்று மற்ற மூவருக்கும் தெரிந்திருக்கிறது. அது பல ஆண்டுகள் சேர்ந்து உட்கார்ந்ததால் வந்தது.

உங்கள் கடிதத்தில் கிதார் நண்பர் என்ன பாணியில் வாசிப்பவர் என்று எழுதவில்லை. அதையும், அந்த அரங்கில் வாசித்ததன் ஒலிப்பதிவு இருந்தால் அதையும் அனுப்புங்கள். எந்த இடத்தில் எழுந்து போனார்கள் என்றும் குறித்து அனுப்பினால் நல்லது.

அன்புடன்.