கேள்வி பதில்: காற்றைப் பார்த்து நாள் குறியுங்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஊர் சுற்றுவதைப் பற்றித்தான். மலேசியாவுக்கு வருகை தரும் ஆண்டு என்று 2026-ஐ அறிவித்தது வெளிநாட்டுக்காரர்களுக்காக என்றாலும், நம்மவர்களுக்கும் ஆசை வந்திருக்கிறது. சந்தோஷம். நேராகக் கேள்விகளுக்குப் போவோம்.

காஜாங்கிலிருந்து ஒரு வாசகி: இந்த வருடம் இந்தியாவுக்கும் போகவில்லை, வெளிநாட்டுக்கும் போகவில்லை. அதற்குப் பதிலாக நம் நாட்டுக்குள்ளேயே கடற்கரை, பழைய ஊர் என்று அவ்வப்போது குடும்பத்தோடு போய் வரலாம் என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறோம். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருவர், முட்டி வலியோடு மாமியார், ஒரு மைவி கார். எந்த மாதம் எங்கே போகலாம்?

நல்ல முடிவு, சகோதரி. முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். இங்கே கடற்கரைக்கு நாள் குறிப்பது பள்ளி விடுமுறை இல்லை, காற்று. நவம்பர் தொடங்கி பிப்ரவரி வரைக்கும் வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குக் கரையைப் புரட்டி எடுத்துவிடும். பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளில் விடுதிகள் பெரும்பாலும் மூடிக் கிடக்கும், படகும் சரியாக ஓடாது, கிளந்தான் திரெங்கானுவில் வெள்ளம் வருவதும் அந்தச் சமயம்தான். டிசம்பரில் மலிவாக அறை கிடைக்கிறதே என்று யாராவது அந்தப் பக்கம் கூப்பிட்டால் தயவுசெய்து போகாதீர்கள்.

ஆனால் அதே மாதங்களில் மேற்குக் கரையின் வடபகுதி நன்றாக இருக்கும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை லங்காவியில் வானம் பளிச்சென்று இருக்கும், கோலா பெர்லிஸிலோ கோலா கெடாவிலோ ஃபெர்ரி ஏறலாம். பினாங்குக்குப் போவதென்றால் தைப்பூச வாரத்தில் அறை கிடைப்பது குதிரைக் கொம்பு, தண்ணீர்மலை முருகனுக்கு நேர்த்திக்கடன் இருந்தால் ஒழிய வேறு வாரம் பாருங்கள். மாசி மகத்துக்குப் பங்கோர் தீவு. லூமுட்டிலிருந்து ஃபெர்ரியில் கொஞ்ச நேரம்தான். அங்கே கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பத்திரகாளியம்மன் கோயிலில் மாசி மகம்தான் பெரிய விசேஷம், தீவே நம் ஆட்களால் நிரம்பிவிடும். அதே தீவில் தெலுக் கெடுங்கில் டச்சுக்காரர்கள் 1670-இல் கட்டிய கோட்டையின் சுவர்கள் நிற்கின்றன. கடல், கோயில், கோட்டை மூன்றும் ஒரே தீவில், அதுவும் மாமியாரை அதிகம் நடக்க விடாமல் பார்க்கக் கிடைப்பது அபூர்வம்.

ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை கிழக்குக் கரைக்கு ஒதுக்கி வையுங்கள். காஜாங்கிலிருந்து கோலா பெசுட் படகுத்துறை வரை ஒரே மூச்சில் ஓட்ட வேண்டாம், பிள்ளைகள் வாடிவிடுவார்கள். கோலா திரெங்கானுவில் ஒரு இரவு தங்கி, மறுநாள் காலையில் மாநில அருங்காட்சியகத்தில் திரெங்கானு கல்வெட்டைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். மலாய் மொழியை அரபு வடிவில் எழுதும் ஜாவி எழுத்தில் பொறித்த அந்தக் கல்லின் காலம் 1303 என்று சொல்வார்கள், 2009-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தார்கள். அப்புறம் படகு. விரைவுப் படகில் முன்பக்கம் உட்கார்ந்தால் ஒவ்வொரு அலைக்கும் தூக்கிப் போடும், பெரியவரைப் பின்பக்கம் உட்கார வையுங்கள். இறங்குமிடத்தில் படகுத்துறை இருக்கிறதா, இல்லை தண்ணீரில் கால் வைத்துத்தான் இறங்க வேண்டுமா என்பதை அறை பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். பெர்ஹெந்தியானில் சில கடற்கரைகளில் முழங்கால் தண்ணீரில்தான் இறக்கிவிடுவார்கள். முட்டி வலிக்காரருக்கு அது பெரிய வேதனை.

செப்டம்பருக்குப் பிறகு மழை மேற்குப் பக்கம் வரும். மலாக்கா, ஈப்போ, தைப்பிங் எல்லாம் அப்போதுதான். கூரைக்கு அடியில் பார்க்க நிறைய இருக்கிறது, மழை வந்தால் ஒரு கடையில் உட்கார்ந்து தே தாரிக் குடிக்கலாம்.

இன்னொன்று. கெடா, கிளந்தான், திரெங்கானு மாநிலங்களில் வார விடுமுறை வெள்ளி, சனி. ஞாயிற்றுக்கிழமை அங்கே வேலை நாள். சனிக்கிழமை போய்ச் சேர்ந்து ஞாயிறு சுற்றினால் உள்ளூர்க் கூட்டம் பாதியாகக் குறைந்திருக்கும். வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் தொழுகை நேரத்தை மனதில் வைத்துப் போங்கள், பல இடங்களில் கதவு சாத்தியிருக்கும்.

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தம்பி: பிறந்ததிலிருந்து ஜார்ஜ் டவுனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஊரிலிருந்து வரும் நண்பர்களும் சுவர் ஓவியத்தோடு படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். வேறு என்ன காட்டுவது?

தம்பி, காரை வீட்டிலேயே விட்டுவிட்டு ஃபெர்ரியில் அழைத்து வாருங்கள். 1786-இல் பிரான்சிஸ் லைட் வந்திறங்கியதும் இந்தக் கடல் வழியாகத்தானே. இறங்கியதும் ஓவியத் தெருவுக்கு ஓடாமல் குயின் ஸ்ட்ரீட் மகாமாரியம்மன் கோயிலுக்குப் போங்கள். 1833-இல் எழுந்த கோயில், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் சின்ன வியாபாரிகளும் கும்பிட்டு வளர்த்தது. அங்கிருந்து சூலியா ஸ்ட்ரீட்டுக்கு நடக்கக் கொஞ்ச தூரம்தான். மூலையில் வெள்ளையாக, சின்னதாக நிற்கும் நாகூர் தர்காவை நூறு தடவை கடந்து போயிருப்பீர்கள். ஒரு தடவை நின்று பாருங்கள். வெளிச்சுவரோடு ஒட்டிக் கடைகள், அந்தக் கடைகளுக்கு நடுவில் வாசல், உள்ளே நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவிடம். கடல் கடந்து வந்தவர்கள் ஊரில் நேர்ந்துகொண்டதை இங்கேயே செலுத்த ஓர் இடம் வேண்டும் என்று கட்டியது. அதற்குப் பக்கத்தில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், 1801-இல் தொடங்கியது. தொடங்கியவர் காதர் முகைதீன், பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்.

அதே தெருவில் சீனர்களின் குவான் யின் கோயிலும், 1818-இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயமும். 2008-இல் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனையும் மலாக்காவையும் சேர்த்து ஒரே பதிவாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியபோது, பல மதமும் பல மொழியும் ஒரே தெருவில் கூடி வாழ்கிற இந்த வாழ்க்கையையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள். சுவர் ஓவியங்கள் அதற்குப் பிறகு வந்தவை. நண்பர்களுக்கு அதையும் காட்டுங்கள், தப்பில்லை. ஆனால் கடைசியில்.

சிரம்பானிலிருந்து ஒரு வாசகர்: பிள்ளைகளைப் பழைய இடத்துக்குக் கூட்டிப் போனால் பத்து நிமிடத்தில் கைப்பேசியைத் தேடுகிறார்கள். என்ன செய்வது?

ஐயா, பிள்ளைகளுக்கு ஆண்டுக் கணக்கு பிடிக்காது, ஆள் பிடிக்கும். பத்து காஜா பக்கம் கெல்லி மாளிகைக்குக் கூட்டிப் போங்கள். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்டத் துரை மனைவிக்காகக் கட்டத் தொடங்கி, 1926-இல் லிஸ்பனில் இறந்துபோனதால் முடியாமல் நின்றுவிட்ட வீடு. மாளிகையோடு திரும்பிவிடாதீர்கள். கட்டட வேலைக்கு வந்த நம் தொழிலாளர்கள் காய்ச்சலில் கொத்துக் கொத்தாக இறந்தபோது, மாரியம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று மற்றவர்கள் கேட்டு, துரையும் கட்டிக் கொடுத்தார். அந்தக் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. கூரையில் சாமி உருவங்களோடு வெள்ளை உடுப்பு போட்ட ஒரு துரையும் நிற்கிறார். எங்கே இருக்கிறார் என்று சொல்லாதீர்கள், பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். கண்டுபிடித்த பிறகு கேள்வி மேல் கேள்வி வரும்.

அப்படியே கோலா கங்சார் வரை போக முடிந்தால், அங்கே 1877-இல் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னும் மரமாக நிற்கிறது, வேலி போட்டுப் பாதுகாக்கிறார்கள். நம்மில் எத்தனை பேருடைய தாத்தா பாட்டி விடியும் முன் எழுந்து பால் மரம் சீவினார்கள்! அந்த வாழ்க்கையே இந்த ஊரில் நட்ட கன்றுகளிலிருந்துதான் தொடங்கியது என்பதைப் பிள்ளைகளிடம் அந்த மரத்தடியில் நிற்கும்போது சொல்லுங்கள், வீட்டில் சொல்வதைவிட நன்றாகப் பதியும்.

சுங்கை பட்டாணியிலிருந்து ஒரு வாசகி: நம் கெடாதான் அந்தக் காலத்துக் கடாரம், கடாரம் என்று மேடையில் கேட்டுக் கேட்டு ஆசையோடு பூஜாங் பள்ளத்தாக்குக்குப் போனோம். அங்கே பார்த்தால் வெறும் கல் அடித்தளம்தான். கோபுரமும் இல்லை, சிலையும் இல்லை. பெரிய ஏமாற்றம். இதற்காகவா அத்தனை பேச்சு?

இந்தக் கடிதத்துக்காகத்தான் மற்ற பதில்களைச் சுருக்கினேன், அம்மா. உங்கள் ஏமாற்றம் எனக்குப் புரிகிறது. தஞ்சாவூரை மனதில் வைத்துக்கொண்டு பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கும் மெர்போக்கில் நின்றால் அப்படித்தான் இருக்கும். ஆனால் புக்கிட் பத்து பகாட் கோயிலின் அடித்தளத்தை இன்னொரு தடவை நிதானமாகப் பாருங்கள். கருங்கல் மேடை, ஒரு பக்கம் சாமி இருந்த பகுதி, அதற்கு முன்னால் மண்டபம். மண்டபத்துத் தரையில் வரிசையாகக் கல் பீடங்கள் இருக்கும். அவற்றின் மேல் நின்றவை மரத் தூண்கள். மேலே கூரையும் மரம், ஓலை என்றுதான் இருந்திருக்கும். இந்த மழைக்கும் கறையானுக்கும் மரம் ஆயிரம் வருடம் தாங்குமா? கல் மட்டும் தங்கிவிட்டது. நம் கோயில் அமைப்பை இங்கே கிடைத்த பொருளில், இந்த மண்ணுக்கு ஏற்றபடி கட்டியிருக்கிறார்கள். 1930களில் தோண்டிப் பார்த்து, 1960 வாக்கில் சிதறிக் கிடந்த கற்களைச் சேர்த்து நிறுத்தினார்கள். பக்கத்தில் ஓடும் ஓடையில் இறங்கிக் கால் நனைத்தீர்களா? அந்தத் தண்ணீரும் மலையும் இல்லாமல் கோயில் அங்கே வந்திருக்காது.

மலை என்றதும் ஜெராய் மலையைச் சொல்ல வேண்டும். 1,217 மீட்டர். சமவெளியிலிருந்து திடீரென்று எழுந்து நிற்பதால் வங்கக் கடலைத் தாண்டி வரும் கப்பல்காரனுக்கு வெகு தூரத்திலிருந்தே தெரியும். தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்துச் சோழ மண்டலக் கரையிலிருந்து கிழக்கே வந்தவர்கள், வடகிழக்குக் காற்று திரும்பும் வரை ஊருக்குப் போக முடியாது. காஜாங் சகோதரியைப் பெர்ஹெந்தியானுக்குப் போகாதே என்று தடுக்கிற அதே காற்றுதான் அவர்களை வீட்டுக்குக் கொண்டு சேர்த்தது. காத்திருந்த மாதங்களில் இங்கேயே சரக்கு விற்றார்கள், வாங்கினார்கள், கோயில் கட்டிக் கும்பிட்டார்கள், சிலர் இங்கேயே தங்கிவிட்டார்கள். பக்கத்துச் சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகளின் மிச்சங்கள் தோண்டத் தோண்ட வருகின்றன. வாங்குவதற்குப் பொருள் இருந்தது என்பதற்கு அது சாட்சி.

மேடைகளில் 1025-இல் இராசேந்திரன் படையெடுத்து வந்ததை மட்டும்தான் பேசுகிறார்கள். அது உண்மைதான், தஞ்சைக் கல்வெட்டிலேயே கடாரத்தின் பெயர் இருக்கிறது. ஆனால் அதற்கு இருபது வருடம் முன்னால், இராசராசன் காலத்தில், கடாரத்து அரசன் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரை எழுந்தது, அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே சோழன் தானமாகக் கொடுத்தான். அந்தச் செப்பேடுகள் இன்றும் இருக்கின்றன. போரைவிட இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. நாம் பேச வேண்டியதும் அதைத்தான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 2013-இல் இந்தப் பகுதியில் ஒரு பழைய கோயிலின் மிச்சத்தை நில மேம்பாட்டுக்காக இடித்துவிட்டார்கள், விஷயம் வெளியே வந்தபோது கல்லே இல்லை. அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. ஆளில்லாத இடம், யாரும் வராத இடம் என்று தோன்றினால்தான் அப்படி நடக்கிறது. நீங்கள் பக்கத்து ஊர்க்காரர். பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்தின் வருகையாளர் ஏட்டில் உங்கள் பெயரும் பிள்ளைகள் பெயரும் அடிக்கடி இருக்கட்டும். போய்விட்டு மாலையில் பந்தாய் மெர்டேக்காவுக்கு வண்டியை விடுங்கள். அங்கிருந்து படகில் எதிர்க்கரை தஞ்சோங் டாவாய்க்குப் போனால் நல்ல கருவாடும் பெலாச்சானும் கிடைக்கும்.

ஈப்போவிலிருந்து ஒரு தாய்: கடலில் ஜெல்லி மீன் கொட்டினால் என்ன செய்வது? பயமாக இருக்கிறது.

தேய்க்காதீர்கள், மணல் போடாதீர்கள், குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். சமையல் வினிகர் ஒரு போத்தல் பையில் இருக்கட்டும், கொட்டிய இடத்தில் தாராளமாக ஊற்றுங்கள். பினாங்கு, லங்காவிப் பக்கம் பெட்டி ஜெல்லி மீன் உண்டு, அது உயிருக்கே ஆபத்து. மூச்சுத் திணறினாலோ வலி தாங்க முடியாமல் போனாலோ உடனே 999. சிவப்புக் கொடி பறந்தால் முழங்கால் தண்ணீரிலும் பிள்ளைகளை விட வேண்டாம்.

கிள்ளானிலிருந்து ஒரு வாசகர்: அறை எடுக்கக் கையில் காசு இல்லை. காலையில் போய் இரவு திரும்ப ஓர் இடம் சொல்லுங்கள்.

கோலா சிலாங்கூர். உங்களுக்குக் கொல்லைப்புறம்தான். மாலை நாலு மணிக்கு மலாவதி குன்றில் ஏறுங்கள். 1784-இல் டச்சுக்காரர்கள் பிடித்து, அடுத்த வருடமே சுல்தான் இப்ராஹிம் திருப்பிப் பிடித்த கோட்டையின் பீரங்கிகள் இன்னும் ஆற்றுமுகத்தைப் பார்த்தபடி இருக்கின்றன. குரங்குகளுக்குத் தீனி போடாதீர்கள். இருட்டியதும் கம்போங் குவாந்தான், துடுப்புப் படகில் மின்மினிப் பூச்சி. முழு நிலா நாளில் சரியாகத் தெரியாது, அமாவாசையை ஒட்டிப் போங்கள். மழை பெய்தால் படகு விடமாட்டார்கள், அதனால் வீட்டிலிருந்து கிளம்பும் முன் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.