உரிமம் காலாவதியாகிவிட்டது, சமீபத்தில் எதுவும் படிக்கவில்லை. அமெரிக்காவில் மறுபடி ஆசிரியர் ஆகலாமா?

பல மாநிலங்களில் ஆகலாம். அங்கே ஆசிரியர் உரிமத்தைத் தருவது மாநில அரசு. அதனால் விதியும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். புதுப்பிக்கப் பொதுவாக அண்மையில் படித்த படிப்பைக் காட்ட வேண்டும். உதாரணமாக, ஒஹாயோவில் ஐந்தாண்டு உரிமத்தைப் புதுப்பிக்க 6 செமஸ்டர் கிரெடிட் (கல்லூரிப் படிப்பை அளக்கும் அலகு) அல்லது 180 மணி நேரப் பயிற்சி தேவை. இடைவெளிக்குப் பிறகு வருபவரிடம் அது இருக்காதே! அங்கேதான் தற்காலிகச் சான்றிதழ் கைகொடுக்கிறது: முதலில் வேலையில் சேருங்கள், பாடங்களை அப்புறம் முடியுங்கள் என்பதுதான் ஏற்பாடு.

ஆனால் இது அவகாசம் மட்டுமே, விலக்கு அல்ல. கைரேகை, குற்றப் பின்னணிச் சோதனை எப்படியும் உண்டு. சில இடங்களில் பள்ளி மாவட்டமே, அதாவது உள்ளூர் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பே, உங்களுக்காக அந்தச் சான்றிதழைக் கேட்க வேண்டியிருக்கும். பணம் கட்டிப் படிப்பில் சேரும் முன், அந்தக் கிரெடிட்டை ஏற்பார்களா என்று மாநிலக் கல்வித் துறையிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.