ஒட்டு சரியாக இருந்தும் துணியில் பட்டை தெரிவது ஏன்?

கேள்வி: மல்லிகைக் கொடியும் ஒரு கிளியுமாக நானே வரைந்த டிசைனை நைட்டித் துணிக்கு அச்சடிக்கக் கொடுத்தேன். தாளில் நன்றாகத்தான் இருந்தது. துணியை விரித்தால் குறுக்கே வெள்ளைப் பட்டை ஓடுகிறது, கிளிகள் வரிசை கட்டி நிற்கின்றன. ஒட்டு எங்கும் பிசகவில்லை என்கிறார் அச்சடித்தவர். தப்பு எங்கே? — வாசகி, ஈரோடு

பதில்: அவர் சொல்வது சரி. நீங்கள் வரைந்த டிசைன் ஒரு கட்டம்; அது துணியில் அடுத்தடுத்து அச்சாகும்போது கட்டமும் கட்டமும் சேரும் இடம்தான் ஒட்டு. ஒட்டுப் பிசகியிருந்தால் கொடி பாதியில் அறுந்திருக்கும், பூ வெட்டுப்பட்டிருக்கும். நீங்கள் கிளியை நடுவில் வைத்து, ஓரமெல்லாம் இடம் விட்டு வரைந்திருக்கிறீர்கள். சுவரில் மாட்டும் படத்துக்கு அது அழகு. துணியில் பூவோடு சேர்ந்து வெற்றிடமும் திரும்பத் திரும்ப வரும். மேலே ஒரு விரற்கடை, கீழே ஒரு விரற்கடை என்று விட்டது இரண்டும் சேர்ந்து பட்டையாகிவிட்டது. வரைகிறவர் பூவைப் பார்க்கிறார். கடையில் துணியை விரித்துப் பார்க்கிறவர் கண்ணில் முதலில் படுவது இந்த இடைவெளி.

சரிசெய்ய கம்ப்யூட்டர் வேண்டியதில்லை. டிசைனை ஜெராக்ஸ் எடுத்து, நெடுக்கே நடுவில் வெட்டி, இடப் பாதியை வலப்பக்கம் மாற்றி வைத்துப் பின்னால் டேப் ஒட்டுங்கள். ஓரங்கள் நடுவுக்கு வந்துவிடும். அங்கே தெரியும் வெறுமையில் ஒரு கொடியைக் குறுக்கே ஓடவிட்டு நிரப்புங்கள். பிறகு குறுக்கே வெட்டி, மேல்பாதியைக் கீழே வைத்து அதே வேலையைச் செய்யுங்கள். வெட்டுப்பட்ட ஓரத்தை மட்டும் புதிய கோடு தொடக்கூடாது. தொட்டால் அங்கே நிஜமாகவே ஒட்டுப் பிசகும். ஃபோட்டோஷாப்பில் ‘ஆஃப்செட்’ ஃபில்டர் இதையேதான் செய்கிறது.

அடுத்தது கிளி வரிசை. கோலம் போடுகிறவர்களுக்கு நேர்ப்புள்ளியும் இடைப்புள்ளியும் தெரியும். உங்கள் கிளிகள் நேர்ப்புள்ளியில் நிற்கின்றன. மேலிருந்து கீழே வரும் கட்ட வரிசையைப் பத்தி என்போம். ஒரு பத்தி விட்டு ஒரு பத்தியைப் பாதிக் கட்ட உயரம் கீழே இறக்கினால் இடைப்புள்ளி மாதிரி ஆகி, வரிசை சாய்வாக உடையும். டிசைனர்கள் ‘ஹாஃப் டிராப்’ என்பது இதைத்தான். ஆனால் இது குறுக்குப் பட்டையை மட்டும்தான் உடைக்கும். பத்திகளுக்கு நடுவே நெடுக்காக ஓடும் இடைவெளி அப்படியே இருக்கும், அதைக் கொடியால்தான் மறைக்க வேண்டும்.

ஒரே ஒரு கிளி வைத்ததும் வம்பு. கட்டத்தில் எது தனியாக, அழுத்தமான நிறத்தில் இருக்கிறதோ அதுதான் ரிப்பீட்டை, அதாவது ஒரே கட்டம் திரும்பத் திரும்ப வருவதைக் காட்டிக்கொடுக்கும். மூன்று கிளிகளை வெவ்வேறு திசை பார்க்க வையுங்கள். டெய்லருக்கும் லாபம்: எல்லாக் கிளியும் தலை நிமிர்ந்து நின்றால் துண்டுகளை ஒரே திசையில்தான் போட்டு வெட்ட முடியும், துணி கூடுதலாகச் செலவாகும்.

கண்ணாடிப் பிம்பம்போல் இருபுறமும் திருப்பி வைக்கலாமே என்று தோன்றும். இங்கிலாந்தின் வில்லியம் மோரிஸ் 1883இல் ஸ்ட்ராபெரி திருடும் பறவைகளை அப்படித்தான் எதிரெதிரே வைத்தார். ரிப்பீட் பளிச்சென்று தெரிந்தும் அந்தத் துணி அழகு. கை பழகாதவர்கள் செய்தால் இரண்டு இலையும் ஒரு காயும் சேர்ந்து பூத முகமாக முறைக்கும். முதல் டிசைனுக்கு வேண்டாம்.

அச்சுக்குக் கொடுக்குமுன், கட்டத்தை நாலுக்கு நாலு அடுக்கி, கறுப்பு வெள்ளையாக்கி, போனில் சிறிதாக வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். பட்டை இருந்தால் அப்போதே தெரியும்.

அளவையும் கேட்டுக்கொள்ளுங்கள். துணியில் உருண்டபடியே அச்சடிக்கும் உருளையான ரோட்டரி ஸ்கிரீனின் சுற்றளவு பெரும்பாலும் 64 செ.மீ. கட்டத்தின் உயரம் 64, 32, 16 என்று அதற்குள் மிச்சமில்லாமல் அடங்க வேண்டும். 30 செ.மீ. உயரத்தில் கொடுத்தால் அடங்காது; உயரத்தை மட்டும் இழுத்து 32 ஆக்கினால் கிளி நீண்டுவிடும். ஹாஃப் டிராப் என்றால் இரண்டு பத்தியையும் சேர்த்து ஒரே கட்டமாக்கிக் கொடுப்பது நல்லது. டிஜிட்டல் பிரிண்டில் இந்தச் சுற்றளவுக் கட்டுப்பாடு கிடையாது.

அச்சான துணியை முழு நைட்டியாகத் தைக்காதீர்கள். உடம்புக்கு அதே நிறத்தில் பிளெயின் துணி எடுத்து, பட்டைக்கும் பட்டைக்கும் நடுவிலிருந்து வெட்டிய துண்டுகளைக் கைக்கும் பாக்கெட்டுக்கும் வையுங்கள்.