எரிஞ்சது ஒரு இடம், கலவரம் வேற இடம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 2012ல ஆப்கானிஸ்தான்ல பக்ராம் அமெரிக்க முகாம்ல குர்ஆனை எரிச்சாங்கன்னு பெரிய கலவரம் நடந்துச்சே சார், அதை வச்சு எங்க ஆபீஸ்ல மதிய சாப்பாட்டு நேரத்துல சண்டையே வந்துருச்சு. ஒருத்தர் சுத்தமான மதவெறிங்கிறார், இன்னொருத்தர் குர்ஆன் வெறும் சாக்கு, உள்ள இருந்தது அரசியல்ங்கிறார். நீங்க என்ன சொல்றீங்க?
(திண்டுக்கல் வாசகர்)

பதில்: ரெண்டு பேருமே டிபன் பாக்ஸை மூடுறதுக்குள்ள தீர்ப்பு சொல்லிட்டாங்க போல. நடந்ததை கொஞ்சம் கிட்டக்க போய் பாப்போம்.

பக்ராம் விமானதளத்தை ஒட்டி பர்வான் சிறைன்னு ஒண்ணு, அமெரிக்கா நடத்தினது, அப்ப சுமார் 3,000 பேர் உள்ள இருந்தாங்க, முக்கால்வாசி பேருக்கு கோர்ட்டும் கிடையாது கேஸும் கிடையாது. கைதிங்க லைப்ரரி புத்தகத்துல எழுதி எழுதி தங்களுக்குள்ள செய்தி அனுப்பிக்கிறாங்கன்னு சந்தேகம் வந்து, சிப்பாய்ங்க புத்தகங்களை மொத்தமா அள்ளி பிப்ரவரி 20 ராத்திரி குப்பை எரிக்கிற இடத்துல கொண்டு போய் கொட்டிட்டாங்க. அதுல குர்ஆனும் இருந்துச்சு. அங்க கூலிக்கு வேலை பாத்த ஆப்கான் ஆளுங்க கண்ணுல அது பட்டுச்சு. பதறிப்போய் நெருப்புக்குள்ள கைய விட்டு புத்தகத்தை இழுத்துருக்காங்க, எனக்கு விரல் வெந்துபோச்சுன்னு ஒரு பையன் பத்திரிகைக்காரங்ககிட்ட சொன்னான். விடிஞ்சதும் முகாம் கேட்டுக்கு வெளிய 2,000 பேருக்கு மேல கூடிட்டாங்க.

இந்த இடத்துல மதவெறிக்கட்சி நண்பரை ஒண்ணு கேளுங்க. நெருப்புல கைய விட்ட அந்த ஆளு யாரு? அமெரிக்காக்காரன்கிட்ட சம்பளம் வாங்குறவன், தாலிபான் கிடையாது, காலையில எந்திரிச்சு கலவரம் பண்ணணும்னு நினைச்சவனும் கிடையாது. அவன் பதறினது நூத்துக்கு நூறு மதம்தான், அதுல சாக்கும் இல்ல போக்கும் இல்ல. அந்த ஊர்ல குர்ஆனை வெறும் தரையில வைக்க மாட்டாங்க, துணியில சுத்தி வீட்டுலயே உசரமான இடத்துல வைப்பாங்க, கிழிஞ்சு நைஞ்சுபோனா மரியாதையா புதைப்பாங்க. அதனால சாக்குன்னு சொல்ற நண்பரும் கொஞ்சம் யோசிக்கணும், உயிரா மதிக்கிறது எரியிறதைப் பாத்து ஒருத்தன் அழுதா அதை நாடகம்னு சொல்ல நமக்கு உரிமை இல்ல.

ஆனா அழுகை வேற, கேட்டுல கல்லெறியிறது வேற, நாலு நாள் கழிச்சு நூறு மைலுக்கு அப்பால துப்பாக்கிச்சூடு வரைக்கும் போறது வேற. கேட்டுல நின்ன கூட்டத்துக்கு பக்ராம்ங்கிற பேரே போதும். 2002 டிசம்பர்ல அங்க ஒரு டாக்சி டிரைவரை அடிச்சே கொன்னாங்க, கொலைன்னு எழுதிக் கொடுத்தது அமெரிக்க ராணுவத்தோட சொந்த டாக்டர்தான். பத்து வருஷமா ராத்திரி ராத்திரி வீட்டுக்கதவை உடைச்சு ஆளைத் தூக்கிட்டு வந்து அடைச்ச இடம் அது, யார் வீட்டுல அண்ணன் தம்பி உள்ள இருக்கானோ அவன் அந்த கேட்டை சும்மா பாக்க மாட்டான். போதாக்குறைக்கு அதே வருஷம் ஜனவரியில அமெரிக்க மரைன் சிப்பாய்ங்க தாலிபான் பிணங்க மேல மூத்திரம் போற வீடியோ வேற வெளிவந்துருந்துச்சு.

அப்புறம் இதுல குளிர் காய்ஞ்சவங்க கதை. பர்வான் சிறையை எங்க கையில குடுங்க, ராத்திரி சோதனையை நிறுத்துங்கன்னு அப்போதைய ஆப்கான் அதிபர் கர்சாயோட அரசாங்கம் அமெரிக்காகூட அப்பதான் பேரம் பேசிட்டு இருந்துச்சு. கலவரம் நடந்து மூணு வாரம் ஆகல, மார்ச் 9ல சிறை ஒப்பந்தம் கையெழுத்தாச்சு, ஏப்ரல் 8ல ராத்திரி சோதனை ஒப்பந்தம். கலவரத்தை கர்சாய் கிளப்பினார்னு நான் சொல்ல வரல, ஆனா தெருவுல நெருப்பு எரியிறப்ப பேரம் பேசுறவன் குரல் கொஞ்சம் ஓங்குமில்ல? தாலிபானோ பிப்ரவரி 23லயே வெளிநாட்டு முகாமைத் தாக்குங்க, அவங்க ஆளுங்களைக் கொல்லுங்கன்னு அறிக்கை விட்டுட்டாங்க. ஒபாமா கர்சாய்க்கு மன்னிப்புக் கடிதம் எழுதினதும் அதே நாள்தான், ரெண்டு நாள்ல காபூல் உள்துறை அமைச்சகத்துக்குள்ளயே ரெண்டு அமெரிக்க அதிகாரிங்க சுடப்பட்டு செத்தாங்க. (மன்னிப்பு கேட்டது தப்புன்னு அமெரிக்காவுல ரிபப்ளிகன் வேட்பாளருங்க தனியா ஒரு கூத்து அடிச்சாங்க, அது அவங்க எலெக்‌ஷன் வருஷம்.) எல்லாம் அடங்குறப்ப 30 ஆப்கானியருக்கு மேல பலி.

உங்க நண்பருங்க ரெண்டு பேரையும் மடக்குற விஷயம் இனிமேதான். கலவரம் ஓஞ்ச கொஞ்ச நாள்ல, மார்ச் 11 விடியறதுக்கு முன்ன, கந்தஹார் பக்கம் பஞ்ச்வாய்ல ஒரு அமெரிக்க சார்ஜன்ட் வீடு புகுந்து 16 பேரைக் கொன்னான், அதுல ஒன்பது குழந்தைங்க. நாடே பத்தி எரியும்னுதான் எல்லாரும் பயந்தாங்க. ஜலாலாபாத்ல மாணவர் ஊர்வலம் அது இதுன்னு நடந்துச்சு, ஆனா பிப்ரவரி மாதிரி எதுவும் வெடிக்கல. "பாத்தியா, இவங்களுக்கு மனுஷ உசுரை விட புத்தகம்தான் பெருசு"ன்னு அன்னிக்கே நிறைய பேர் எழுதினாங்க, எனக்கு அந்த முடிவு ரொம்ப சோம்பேறித்தனமா படுது. கொலைக்கு அந்த மண்ணுல வழி இருக்கு, நஷ்டஈடு இருக்கு, பழி இருக்கு, பெரியவங்க உக்காந்து பேசுற முறை இருக்கு. செத்த ஒவ்வொருத்தருக்கும் 50,000 டாலர்னு அமெரிக்கா குடுத்ததா அப்ப செய்தி வந்துச்சு. இழப்பு யாருதுன்னு தெரியும், அந்தக் குடும்பம், அந்த கிராமம். காபூல்காரனுக்கு பஞ்ச்வாய் தூரத்து சண்டைக்காடு, அங்க தினமும் யாராவது சாகுறான்னு மனசு மரத்துப்போச்சு. குர்ஆன் விஷயம் அப்படி இல்ல, அதுல பாதிக்கப்பட்டவன் யாருன்னு கேட்டா ஹெராத்ல இருக்கிறவனும் குந்தூஸ்ல இருக்கிறவனும் ஒரே நேரத்துல நான்தான்னு சொல்லிக்க முடியும், ஈடு வாங்கிட்டு முடிச்சு வைக்க எந்தப் பெரியவராலயும் முடியாது. கூட்டம் சேர்றதுக்கு அந்த 'நான்தான்' தேவை, கோபம் எவ்வளவு பெருசுங்கிறது அதுக்கு அப்புறம்தான்.

கேள்வி: எரிச்சது ஒரு இடம், அடி வாங்கினது வேற ஆளுன்னு ஏதோ மஸார் கதை சொல்வாங்களே, அது என்ன?
(காரைக்குடி வாசகி)

பதில்: அது பக்ராமுக்கு முந்தின வருஷம்மா. 2011 மார்ச் 20ல ஃப்ளோரிடாவுல டெர்ரி ஜோன்ஸ்னு ஒரு பாஸ்டரோட சின்ன சர்ச்சுல குர்ஆன் மேல 'விசாரணை' நடத்துறேன்னு கூத்து கட்டி எரிச்சாங்க. எரிச்ச அன்னிக்கு அமெரிக்க மீடியாவே பெருசா கண்டுக்கல. நாலு நாள் கழிச்சு கர்சாய் கண்டன அறிக்கை விட்டு அந்த ஆளைக் கைது பண்ணணும்னார், அதுக்கப்புறம்தான் ஆப்கானிஸ்தான்ல பாதிப்பேருக்கு விஷயமே தெரிஞ்சது. ஏப்ரல் 1, வெள்ளிக்கிழமை, மஸார்-இ-ஷரீஃப் நீல மசூதியில தொழுகை முடிஞ்சு கிளம்பின கூட்டம் நேரா ஐ.நா ஆபீசுக்குள்ள புகுந்துடுச்சு. வெளிநாட்டு ஊழியர் மூணு பேரு, காவலுக்கு நின்ன நேபாளி கூர்க்காங்க நாலு பேரு செத்தாங்க. எரிச்சவன் ஃப்ளோரிடாவுல, செத்தவன் நேபாளி! கைக்கு எட்டின வெளிநாட்டுக்காரன் கட்டடம் அதுதான், அவ்வளவுதான் கணக்கு. எரிச்ச நாளுக்கும் கலவர நாளுக்கும் நடுவுல 12 நாள் இருக்கு பாருங்க, அந்த 12 நாள்ல யாரு யாருகிட்ட என்ன சொன்னாங்கன்னு தேடினாத்தான் காரணம் கிடைக்கும்.

கேள்வி: சும்மா ஆக்கிரமிப்பு, அமெரிக்கா, அரசியல்னு சப்பைக்கட்டு கட்டாதீங்க அண்ணே. 2015ல காபூல்ல ஒரு பொண்ணை அடிச்சுக் கொன்னாங்களே, அங்க எந்த அமெரிக்காக்காரன் வந்தான்?
(கோவை வாசகர்)

பதில்: நல்ல அடி, வாங்கிக்கிறேன். 2015 மார்ச் 19, காபூல் நட்டநடுவுல ஷா-தோ-ஷம்ஷிரா தர்கா, மதம் படிச்ச 27 வயசுப் பொண்ணு. அங்க தாயத்து விக்கிறவங்ககூட இதெல்லாம் இஸ்லாம்ல இல்ல, ஏமாத்து வேலைன்னு சண்டை போட்டுச்சு. உடனே ஒருத்தன் "இவ குர்ஆனை எரிச்சுட்டா"ன்னு கத்தினான். அவ்வளவுதான், கூட்டம் அடிச்சு, கார் ஏத்தி, காஞ்சு கிடந்த ஆத்துல போட்டு எரிச்சது, பக்கத்துல போலீஸ் நின்னு பாத்துட்டு இருந்துச்சு, எல்லாரும் செல்லுல வீடியோ வேற. அப்புறம் அரசாங்கமே விசாரிச்சு அந்தப் பொண்ணு எதையும் எரிக்கலைன்னு சொன்னாங்க.

இதுல அமெரிக்கா இல்ல, உண்மை. அந்நியன் மேல கோபம்தான் எல்லாத்துக்கும் காரணம்னு எவன் சொன்னாலும் இந்தப் பொண்ணை அவன் முன்னாடி நிறுத்துங்க. அதே மாதிரி வேதம் எரிஞ்சதுதான் காரணம்னு சொல்றவன் முன்னாடியும் நிறுத்துங்க, ஏன்னா இங்க வேதமே எரியல! தாயத்து வியாபாரத்துக்கு இடைஞ்சல் பண்ண ஒரு பொம்பளை, அந்தப் பேச்சை அடக்க ஒரு வார்த்தை, பொதுவெளியில வாதம் பண்ற பொண்ணுன்னாலே கடுப்பாகுற ஆம்பளைக் கூட்டம், அடிச்சா எவனும் கேக்க மாட்டான்ங்கிற தைரியம். அந்த குற்றச்சாட்டோட பலம் என்னன்னா, சொன்னவனை யாரும் ஆதாரம் கேக்க முடியாது, கேட்டா கேட்டவனும் மாட்டிக்குவான். சவப்பெட்டியை சுமந்தது பொம்பளைங்க, அந்த ஊர் வழக்கத்துல கிடையவே கிடையாது அது, மறுநாள்கள்ல ஊர்வலம் போன ஆயிரக்கணக்கானவங்களும் அதே ஆப்கானியர்தான், அதே மதம்தான். மதம்தான் காரணம்னா ரெண்டு கூட்டத்துக்கும் அது ஒண்ணுதானே அண்ணே, பலன் ஏன் வேற வேற?

கேள்வி: தப்பான செய்தி போட்ட பத்திரிகைதான் கலவரத்துக்கு பொறுப்புன்னு சொல்லலாமா? நியூஸ்வீக் மேட்டர் ஞாபகம் வருது.
(சென்னை, இதழியல் மாணவி)

பதில்: 2005 மே. அமெரிக்கா நடத்துற குவான்டனாமோ சிறையில குர்ஆனை டாய்லெட்ல போட்டு தண்ணி ஊத்தினாங்கன்னு நியூஸ்வீக்ங்கிற அமெரிக்க வாரப் பத்திரிகையில குட்டியா ஒரு துணுக்கு. பாகிஸ்தான்ல இம்ரான் கான் அந்தப் பத்திரிகையைக் கையில தூக்கிக் காட்டி பிரஸ் மீட் வச்சார், சில நாள்ல ஜலாலாபாத் மாணவருங்க தெருவுல இறங்கினாங்க, குறைஞ்சது 15 பேர் செத்தாங்க. வேடிக்கை என்னன்னா, கலவரத்துக்கும் அந்தக் கட்டுரைக்கும் பெரிய சம்பந்தம் இல்ல, உள்ளூர் அரசியல்தான்னு ஆப்கான்ல இருந்த அமெரிக்கத் தளபதி ஐகன்பெரி மதிப்பிட்டதா அமெரிக்க ராணுவத் தலைமைத் தளபதி மையர்ஸ் பேட்டியே குடுத்தார். பத்திரிகை செய்தியை வாபஸ் வாங்கினதும் வெள்ளை மாளிகை அப்படியே ப்ளேட்டை மாத்தி, உங்களாலதான் ஆள் செத்தான்னு எகிறிச்சு. அடுத்த மாசம் ராணுவ விசாரணை ரிப்போர்ட் வந்தா, டாய்லெட் சம்பவத்துக்கு ஆதாரம் இல்ல, ஆனா குர்ஆனை அவமரியாதை பண்ண வேற அஞ்சு சம்பவம் உறுதி, அதுல ஒண்ணு காவலாளி மூத்திரம் காத்துத்துளை வழியா கைதி மேலயும் அவன் குர்ஆன் மேலயும் தெறிச்சது. துணுக்கு தப்பு, அதை நம்பினவன் முட்டாள் இல்ல. நாளைக்கு நீங்க ரிப்போர்ட்டர் ஆனா, காரணம்னு எவன் எதைச் சொன்னாலும், அந்தக் காரணத்தால அவனுக்கு எந்தப் பழி கழியுதுன்னு ஒரு தடவை பாத்துட்டு அப்புறம் எழுதும்மா.

கேள்வி: நம்ம வேலூர்ல 1806ல நடந்ததும் இதே மாதிரிதானே ஐயா?
(ஆற்காடு வாசகர்)

பதில்: கிட்டத்தட்ட. புதுசா தொப்பி மாதிரி ஒரு தலைப்பாகை, அதுல தோல் சின்னம், பரேடுல நெத்தியில நாமம் விபூதி கூடாது, காதுல கடுக்கன் கூடாது, தாடி எடுக்கணும்னு மெட்ராஸ் தளபதி கிராடக் உத்தரவு. இந்துவையும் முஸ்லிமையும் ஒரே காகிதத்துல ஒண்ணா நோகடிச்ச கெட்டிக்காரத்தனம் அது. மே மாசம் மாட்டேன்னு சொன்ன ரெண்டு பேருக்கு 900 கசையடி. ஜூலை 10 விடியக்காலையில சிப்பாய்ங்க கிளம்பினதுல கோட்டைக்குள்ள நூறுக்கு மேல ஆங்கிலேயர் செத்தாங்க, ஆற்காட்டுல இருந்து கில்லஸ்பி குதிரைப்படையோட வந்து பதிலுக்கு நூத்துக்கணக்குல சிப்பாய்களை முடிச்சார். முடிஞ்ச கையோட சண்டை, தலைப்பாகையா, இல்ல கோட்டையில காவல்ல இருந்த திப்பு மகன்களோட சதியான்னு. கோட்டையில ஏத்தினது மைசூர் புலிக்கொடி, முந்தின நாள் அங்க திப்பு மகள் கல்யாணம், அதனால சதின்னு சொல்றவங்களுக்கும் பிடிமானம் இருந்துச்சு. கம்பெனி ரெண்டு பக்கமும் நம்பிச்சு போல: திப்பு குடும்பத்தை கல்கத்தாவுக்கு அனுப்பினாங்க, தலைப்பாகை உத்தரவையும் ரத்து பண்ணாங்க, கிராடக்கையும் கவர்னர் பென்டிங்கையும் சேத்து திருப்பி அழைச்சுக்கிட்டாங்க.

கேள்வி: கடுமையா சட்டம் போட்டா இதெல்லாம் அடங்காதா?
(மதுரை வாசகர்)

பதில்: பாகிஸ்தான்ல மத நிந்தனை சட்டத்துல 1986ல மரண தண்டனை வரைக்கும் போட்டாச்சு. அந்த சட்டத்தை மாத்தணும்னு பேசின பஞ்சாப் கவர்னர் சல்மான் தசீரை 2011 ஜனவரி 4ல சுட்டது அவரோட சொந்த பாடிகார்டு. அடங்கின மாதிரி தெரியுதா?

கேள்வி: பக்ராம்ல எரிச்ச சிப்பாய்களுக்கு கடைசியில என்னதான் ஆச்சு?
(நாகர்கோவில் வாசகர்)

பதில்: வெளிப்படையா விசாரிச்சு தண்டிக்கணும்னு ஆப்கான் உலமாக்கள் கேட்டாங்க. 2012 ஆகஸ்ட் 27ல அமெரிக்க ராணுவம் அறிவிச்சது: ஆறு பேர் மேல துறைரீதியான நடவடிக்கை மட்டும், கிரிமினல் வழக்கு இல்ல. வேணும்னே பண்ணல, அலட்சியம்னு ரிப்போர்ட். பிணத்து மேல மூத்திரம் போன வீடியோ கேஸ்ல மூணு மரைன்களுக்கு துறை தண்டனைன்னு அறிவிச்சதும் அதே நாள்தான், ரெண்டையும் ஒரே நாள்ல வெளியிட்டு கணக்கை முடிச்சுட்டாங்க. அன்னிக்கு காபூல்ல பெரிய கலவரம் எதுவும் நடக்கல.