மீதமிருந்த சளி சிரப்பைக் கொடுத்துவிட்டேன், கிட்னி பாதிக்குமா?

ஆறு வயது மகளுக்கு வாங்கி மீதமிருந்த சிரப்பை ஒன்றரை வயது மகனுக்குப் பாதி அளவு ரெண்டு நாள் கொடுத்துவிட்டு, அப்புறம் சிரப் குடித்துக் குழந்தைகள் இறந்ததாக வந்த வீடியோக்களைப் பார்த்துத் தூக்கம் தொலைத்திருக்கிறீர்கள். கொடுத்துப் பத்து நாளாகிறது, வழக்கம்போல ஒன்றுக்குப் போகிறான், ஓடி விளையாடுகிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, கிட்னி கெட்ட பிள்ளை அப்படி இருக்காது. 2025இல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் குழந்தைகள் இறந்தது கோல்ட்ரிஃப் சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்ததால். அது கிட்னியைத் தாக்கினால் சிறுநீர் குறைந்து நின்றுபோகும். உங்கள் பாட்டில் வேறு. அந்த வீடியோக்களை இனி பார்க்காதீர்கள்.

ஆனால் நச்சே இல்லாத நல்ல சிரப்பையும் இவனுக்குக் கொடுத்திருக்கக் கூடாது, பாதி அளவானாலும். சளி சிரப்புகளில் வழக்கமாக இருக்கும் குளோர்பெனிரமினும் (மூக்கொழுகலுக்கு) பினைலெப்ரினும் (மூக்கடைப்புக்கு) சேர்ந்த மருந்து நாலு வயதுக்குக் கீழ் வேண்டாம் என்று 2023லேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லிவிட்டது. இந்த வயதில் அதனால் சளி சீக்கிரம் போவதும் இல்லை, அளவு தப்பினால் பிள்ளை மயங்கிக் கிடக்கும், நெஞ்சு படபடக்கும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டேன், பரவாயில்லை என்றார்கள் என்கிறீர்கள். அவர்கள் உங்கள் பிள்ளையைத் தொட்டுப் பார்த்தார்களா?

இப்போது மறுபடி பிடித்திருக்கும் சளி பச்சையாக வருவதெல்லாம் ஒன்றுமில்லை, அதற்கு ஆன்டிபயாடிக் வேண்டாம். நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும்: எப்படி மூச்சு விடுகிறான்? அழாமல் இருக்கும்போது, தூங்கும்போது என்றால் இன்னும் நல்லது, சட்டையைத் தூக்கிவிட்டு, மொபைலில் ஒரு முழு நிமிடம் வைத்து, வயிறு எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள். அவன் வயதுக்கு 40ஐத் தொட்டாலே வேகமான மூச்சுதான், ரெண்டு மாதம் தாண்டி ஒரு வயது ஆகாத குழந்தைக்கு 50. காய்ச்சல் கொதிக்கும்போது கொஞ்சம் கூடும், தணிந்ததும் மறுபடி எண்ணுங்கள், அப்போதும் குறையவில்லை என்றால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள். மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்கக்கூட முடியாமல் திணறினாலோ எண்ணிக்கொண்டிருக்காதீர்கள், ராத்திரி ரெண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

மற்றபடி மூக்கடைப்புக்கு உப்புநீர் சொட்டு மருந்து, இருமலுக்கு ராத்திரி அரை ஸ்பூன் தேன் (ஒரு வயது தாண்டிவிட்டதால் கொடுக்கலாம்), காய்ச்சலுக்கு எடை பார்த்து எழுதிக்கொடுத்த பாராசிட்டமால் மட்டும். அதிலும் பாராசிட்டமால் சொட்டு மருந்து பாராசிட்டமால் சிரப்பைவிட அதிக அடர்த்தியானது, ஒன்றின் அளவில் இன்னொன்றை ஊற்றிவிடாதீர்கள். பாட்டி தேங்காயெண்ணெயில் கற்பூரம் காய்ச்சி மூக்கில் தடவுவதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள், சின்னக் குழந்தைகளுக்குக் கற்பூரத்தால் வலிப்பே வரலாம்.